பீச் வாலிபாலில் உங்கள் தரம் எது? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கடற்கரையில் வாலிபால் ஆடுகிற ஒருவரிடம் "எந்த லெவல்ல ஆடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஆடுவேன்" என்பார், இல்லாவிட்டால் "நல்லாவே ஆடுவேன்" என்பார். போட்டிக்குப் பெயர் கொடுக்கவோ, பொருத்தமான பார்ட்னரைத் தேடவோ, அடுத்த மாதம் எதைப் பழகுவது என்று முடிவெடுக்கவோ இந்த இரண்டு பதிலும் உதவாது.

ஆறு பேர் ஆடும் வாலிபாலில் பலவீனத்தை மறைத்துக்கொள்ள வழி உண்டு. சர்வீஸ் எடுக்க வராதவரின் இடத்தை லிபரோ (பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே இருப்பவர்) பார்த்துக்கொள்வார். லிஃப்ட் கொடுக்க, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கத் தெரியாதவர் அடித்துவிட்டுப் போகலாம். மணலில் இருப்பதே இரண்டு பேர்; மாற்று ஆட்டக்காரர் கிடையாது. இருவரில் யார் வீக் என்பது எதிரணிக்கு முதல் ஏழெட்டுப் பாயிண்டிலேயே தெரிந்துவிடும். அதன்பிறகு மொத்த சர்வீஸும் அவர் தலையில்தான். பந்தை எடுத்தவரே ஓடிவந்து அடிக்கவும் வேண்டும், ஏனென்றால் பார்ட்னர் லிஃப்ட் கொடுக்கப் போய்விடுவார்.

அதனால் உங்கள் தரத்தை உங்கள் சிறந்த ஸ்மாஷை வைத்து அளக்காதீர்கள். எதிரணி இருபது சர்வீஸையும் உங்கள் மேலேயே போட்டால் அதில் எத்தனை பாயிண்டை எடுக்கிறீர்கள்? அந்த எண்தான் உங்கள் தரம். கீழே உள்ள எல்லாப் படியும் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கவும், அது ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ளவும்தான்.

முதலில், மைதானத்துத் தரத்தைக் கழற்றி வையுங்கள்

தமிழ்நாட்டில் மணலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் செம்மண் மைதானத்திலோ, கல்லூரி அணியிலோ, ராத்திரி லைட் போட்டு நடக்கும் ஊர் டோர்னமென்ட்டிலோ ஆடிப் பழகியவர்கள். வாலிபாலைத் தேசிய விளையாட்டாக வைத்திருக்கும் இலங்கையிலும் இதே கதைதான். "மாவட்ட அணியில் ஆடியிருக்கிறேன், மணலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வருகிறவருக்கு முதல் நாள் மூச்சு வாங்கும். அவர் திறமைசாலி இல்லை என்று அர்த்தமில்லை. ஆட்டம் வேறு, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். உள்ளரங்கு கோர்ட்டில் ஒரு பக்கம் 9 மீட்டருக்கு 9 மீட்டர். 81 சதுர மீட்டரை ஆறு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 13.5. பீச் கோர்ட்டில் ஒரு பக்கம் 8-க்கு 8. அந்த 64 சதுர மீட்டரை இரண்டு பேர் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கு 32. காலுக்கு அடியில் மணல். சர்வதேசப் போட்டி கோர்ட்டில் அது குறைந்தது 40 செ.மீ. ஆழம் இருக்கும். நெட் உயரம் மட்டும் மாறவில்லை: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஆனால் குதிக்கும் உயரம் குறைந்துவிடும், அதனால் நெட் வளர்ந்துவிட்டது போலத் தோன்றும்.

பந்தும் வேறு. எடை அதேதான், 260 முதல் 280 கிராம். சுற்றளவு கொஞ்சம் கூட, காற்றழுத்தம் நன்றாகவே குறைவு: உள்ளரங்குப் பந்தில் சதுர செ.மீ.க்கு 0.30 கிலோவுக்கு மேல் இருக்கும், இதில் 0.175 முதல் 0.225 கிலோதான். மெத்தென்ற பந்து என்பதால் காற்று அதை இழுத்துக்கொண்டு போகும்.

விதிகளும் உங்கள் கையிலிருந்து சில ஆயுதங்களைப் பிடுங்கிவிடும். விரல் நுனியால் மெல்லத் தட்டிப் போடும் டிப் இங்கே ஃபவுல். மூடிய கை முஷ்டியாலோ, மடக்கிய விரல் கணுக்களாலோ, விறைத்த விரல்களாலோதான் தட்ட வேண்டும். சர்வீஸை விரலால் எடுத்தால் இரு கையும் ஒரே நேரத்தில் சுத்தமாகப் பட வேண்டும், அதனால் யாரும் அந்த ரிஸ்க் எடுப்பதில்லை. விரலால் நெட்டைத் தாண்டி அனுப்பினால் பந்து உங்கள் தோள்பட்டைக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ போக வேண்டும். நெட்டை ஒட்டிக் குதித்துக் கையால் தடுக்கும் பிளாக்கில் பட்டாலும் அது ஒரு டச், மிச்சம் இரண்டுதான்.

உள்ளரங்கு ஆட்டக்காரர் மணலில் ஜெயிக்கவே முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவின் கார்ச் கிராலி 1984-லும் 1988-லும் உள்ளரங்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். பீச் வாலிபால் முதல்முறையாகச் சேர்க்கப்பட்ட 1996 அட்லான்டாவில் கென்ட் ஸ்டெஃபஸுடன் சேர்ந்து அங்கேயும் தங்கம். ஆனால் அவர் சிறுவயதிலிருந்தே அப்பாவுடன் சான்டா பார்பரா கடற்கரையில் ஆடி வளர்ந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படி 1: சர்வீஸ் எடுப்பது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடும் ஒருவரை எதிர்ப்பக்கம் நிறுத்தி இருபது சர்வீஸ் போடச் சொல்லுங்கள். ஷார்ட், டீப், இடது, வலது என்று கலந்து வர வேண்டும். எங்கே வரும் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. பார்ட்னர் லிஃப்ட் கொடுக்க நிற்கட்டும். ஒவ்வொரு பந்துக்கும் மதிப்பெண் போடுங்கள், அதை நீங்கள் போடாமல் கோர்ட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவரிடம் விடுவது நல்லது.

பார்ட்னர் நின்று நிதானமாக, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் லிஃப்ட் கொடுக்க முடிந்தால் 3. ஓடிப்போய்க் கொடுக்க வேண்டியிருந்தது, ஆனாலும் நீங்கள் அடிக்கிற மாதிரி வந்தது என்றால் 2. எப்படியோ உயிரோடு இருந்தது, எதிர்ப்பக்கம் அனுப்பினால் போதும் என்ற நிலை என்றால் 1. ஏஸ் (எடுக்க முடியாமல் சர்வீஸே பாயிண்டாகிவிட்டது), அல்லது நேராக நெட்டைத் தாண்டிப் போய்விட்டது என்றால் 0.

நல்ல பாஸ், அதாவது சர்வீஸை எடுத்துப் பார்ட்னருக்கு அனுப்பும் பந்து, எங்கே போக வேண்டும் என்பதில் உள்ளரங்கு ஆட்கள் குழம்புவார்கள். நெட்டை ஒட்டிக் கொடுத்துப் பழகியிருப்பார்கள். இங்கே நெட்டுக்கு இரண்டு, இரண்டரை மீட்டர் முன்னாலேயே, உங்களுக்கு ஏறக்குறைய நேராக, கொஞ்சம் நடுவைப் பார்த்துப் போட வேண்டும். பார்ட்னர் தன் இடத்திலிருந்து மணலில் ஓடி வரவேண்டும் என்பதால் உயரமும் வேண்டும். காற்றில் நெட்டை ஒட்டி விழும் பாஸ் எதிரணி பிளாக்கருக்குக் கொடுத்த பரிசு.

இன்னொன்று, பலர் இந்தச் சோதனையில் தங்களை ஏமாற்றிக்கொள்ளும் இடம்: பாஸ் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று ரசிக்காதீர்கள். ஒவ்வொரு பாஸுக்கும் பிறகு எழுந்து, அடிக்க ஓடிவர வேண்டும். முட்டி போட்டு, விழுந்து, மணலோடு மணலாக எடுத்த அருமையான பாஸுக்குப் பிறகு அடிக்க வர முடியவில்லை என்றால் அது 3 இல்லை, 1. ஷார்ட் சர்வீஸில் இது அடிக்கடி நடக்கும். முன்னால் பாய்ந்து எடுத்துவிடுவோம், ஆனால் நெட்டுக்கு மிக அருகில் மாட்டிக்கொண்டு, ஓடிவர இடமில்லாமல் நின்ற இடத்திலிருந்தே தட்டுவோம்.

இருபது பந்தின் சராசரி 1.5-க்குக் கீழே இருந்தால் மற்ற எதைப் பற்றியும் இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். 2-ஐத் தொட்டால் உள்ளூர்ப் போட்டியில் தலைநிமிர்ந்து ஆடலாம். 2.3-ஐத் தாண்டினால், அதுவும் ஜம்ப் ஃப்ளோட் சர்வீஸுக்கு (குதித்து, பந்து சுழலாமல் போடுவது) எதிராக, உங்களைக் குறிவைப்பதை எதிரணி நிறுத்திவிட்டுப் பார்ட்னர் பக்கம் போகும். இந்த எண்களெல்லாம் என் அளவுகோல். உங்கள் ஊர் சர்வீஸ் கடுமையாக இருந்தால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: லிஃப்ட்

லிஃப்ட் பற்றிய தீர்ப்பை உங்களிடம் கேட்காதீர்கள், அடிக்கிறவரிடம் கேளுங்கள். பார்ட்னரைப் பத்துப் பந்தை வேண்டுமென்றே மோசமாகத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்: மூன்று மீட்டர் பின்னால், கோர்ட்டுக்கு வெளியே, தலைக்கு மேல் தாண்டி. நீங்கள் ஓடிப்போய்க் கொடுத்த லிஃப்டில் எத்தனையை அவர் முழு ஓட்டத்தோடு வந்து அடித்தார்? ஆறுக்கு மேல் என்றால் நல்ல லிஃப்ட் ஆள். நின்ற இடத்துக்கு வந்த பாஸுக்கு அழகாகக் கொடுப்பதை எல்லோரும் செய்வார்கள்.

விரலால் கொடுப்பதா, முன்கையால் கொடுப்பதா என்பது தரத்துக்கான அளவுகோல் இல்லை. பந்து சுழன்றால் அதை டபுள் டச்சுக்கு (பந்தில் இரு கையும் ஒரே நேரத்தில் படாத ஃபவுல்) அடையாளமாக எடுத்துக்கொண்டு விசில் ஊதும் நடுவர்கள் பல இடங்களில் உண்டு. காற்றடிக்கும் நாளில் முன்கை லிஃப்டே பாதுகாப்பு என்று பெரிய ஆட்டக்காரர்களும் இறங்கிவிடுவார்கள். எதில் கொடுத்தாலும் பந்து ஒரே இடத்தில் வந்து விழுகிறதா என்பதுதான் கேள்வி.

மேல்தட்டில் லிஃப்ட் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஸ்வீடனின் டாவிட் ஓமன், யோனாத்தன் ஹெல்விக் ஜோடியின் ஆட்டத்தைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்கள். இரண்டாவது டச்சிலேயே குதித்து, அடிப்பதா லிஃப்ட் கொடுப்பதா என்று எதிரணியை அந்தரத்தில் நிறுத்திவிடுவார்கள். நமக்கு அது தேவையில்லை, ஆனால் பார்க்க நன்றாக இருக்கும்.

படி 3: அடிப்பது, போடுவது

இரண்டு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எதிர்ப்பக்கம் லைன் ஓரத்துப் பின் மூலையில் விரியுங்கள். மற்றதைக் குறுக்கே, நெட்டுக்குப் பக்கத்தில், எதிர் சைட்லைனை ஒட்டி விரியுங்கள். கட் ஷாட் விழ வேண்டிய இடம் அது. பார்ட்னர் லிஃப்ட் கொடுத்ததும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து "லைன்" அல்லது "கட்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் குதித்த பிறகு சொன்னாலும் சரி. சொன்ன பக்கம் போட வேண்டும். துண்டில் விழாவிட்டாலும் ஒரு மீட்டருக்குள் விழுந்தால் கணக்கில் சேருங்கள்.

பத்தில் மூன்றுக்குக் கீழே என்றால் நீங்கள் ஒரே ஷாட்டை நம்பி ஆடுகிறீர்கள். எதிரணிக்கு அது இரண்டாவது செட்டுக்குள் தெரிந்துவிடும். ஆறேழு வந்தால் இரண்டாவது சோதனை: இதே பத்தை சர்வீஸ் எடுத்த பிறகு செய்யுங்கள். எண் பாதியாகக் குறைந்தால் பிரச்சினை கையில் இல்லை, காலில் இருக்கிறது. மணலில் பலர் சீக்கிரமே ஓடிவந்து பந்துக்கு அடியில் போய் நின்றுவிடுவார்கள். உள்ளரங்கு வேகத்தில் ஓடும் பழக்கம். பந்து உச்சிக்குப் போகும்வரை பொறுத்திருந்து கிளம்பத் தெரிந்தவருக்கு எல்லா ஷாட்டும் திறந்திருக்கும்.

ஓங்கி அடிப்பவரைப் பார்த்துக் கை தட்டுவார்கள். பாயிண்ட் எடுப்பவர் காலி மணலைப் பார்த்துப் போடுகிறவர்.

படி 4: சர்வீஸ் போடுவது

இது சுருக்கம். பத்து சர்வீஸ், ஐந்து இலக்கு: நான்கு மூலை, நடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு. கோர்ட்டுக்குள் எத்தனை விழுந்தது, சொன்ன இலக்கில் எத்தனை விழுந்தது என்று இரண்டு எண். உள்ளே விழுவது எட்டுக்குக் கீழே என்றால் எதிரணிக்கு இலவசமாகப் பாயிண்ட் கொடுக்கிறீர்கள். உள்ளே பத்தும் விழுந்து, எதிரணி ஒருமுறைகூடச் சிரமப்படவில்லை என்றாலும் பிரச்சினைதான். ரொம்பப் பயந்து போடுகிறீர்கள்.

படி 5: பிளாக்கும் பின்பக்கமும்

பிளாக்கர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விரல் என்றால் லைனை மறைப்பேன், இரண்டு என்றால் குறுக்கை மறைப்பேன், மூடிய முட்டி என்றால் பிளாக் போகமாட்டேன், பின்வாங்குவேன். இடது கை இடப்பக்க ஆளுக்கு, வலது கை வலப்பக்க ஆளுக்கு. இதைக் காட்டத் தெரிவது தரமில்லை. காட்டியபடி நிற்கிறீர்களா என்பதே தரம்.

சோதனை எளிது. ஒரு மேட்ச்சை போனில் எடுங்கள். பின்கோட்டுக்குப் பின்னால், முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். எதிரணி அடித்த ஒவ்வொரு பந்திலும் நிறுத்திப் பாருங்கள்: பிளாக்கர் எதைக் காட்டினார், எதை மறைத்தார், பின்னால் நின்றவர் மிச்ச இடத்துக்குப் போனாரா? மூன்றும் ஒத்துப்போனவை பாதிக்கும் குறைவு என்றால் உங்களிடம் இன்னும் டிஃபென்ஸ் என்று ஒன்று உருவாகவில்லை, இரண்டு தனி ஆட்கள் தனித்தனியாக ஊகம் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆரம்ப நிலையில் இது பரவாயில்லை. மேலே போக நினைத்தால் பரவாயில்லை என்று விடக் கூடாது.

பிளாக்கே இல்லாத அணியும் உள்ளூரில் ஜெயிக்கும். இருவரும் பின்னால் நின்று எடுப்பார்கள். எதிரணி நெட்டுக்கு மேல் ஓங்கி அடிக்கும் தரத்துக்குப் போனதும் அது செல்லாது.

படி 6: காற்றைத் தனியாக எண்ணுங்கள்

சென்னையில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று ஏறும். கோர்ட் எந்தத் திசையில் போடப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு பக்கம் நல்ல பக்கமாகவும் மறுபக்கம் கெட்ட பக்கமாகவும் ஆகிவிடும். இதனால்தான் இரு அணியும் சேர்ந்து எடுத்த பாயிண்ட் ஒவ்வொரு ஏழாகும்போதும் பக்கம் மாறுகிறார்கள், மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஒருமுறை. மேலே சொன்ன சோதனைகளை இரண்டு பக்கமும் செய்து, எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள். காலை ஆறரை மணிக்கு, இலை அசையாத நேரத்தில் வாங்கிய மதிப்பெண் உங்கள் தரத்தைக் காட்டாது. இரண்டு எண்ணுக்கும் இடைவெளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு அனுபவசாலி நீங்கள்.

படி 7: மேட்ச் கணக்கு

தனித்தனித் திறமைகளை அளந்தாகிவிட்டது. இப்போது முக்கியமான எண். எதிரணி சர்வீஸ் போட்டு, அந்தப் பாயிண்டை நாம் எடுத்தால் அதற்கு சைட் அவுட் என்று பெயர். நாம் சர்வீஸ் போட்டு நாமே எடுத்தால் பிரேக் பாயிண்ட். 21 வரை போகும் ஒரு செட்டை இப்படிப் பிரித்தால் தோல்வி எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

ஓர் உதாரணம். 15–21 என்று தோற்றீர்கள். முதல் சர்வீஸ் எதிரணியுடையது. வீடியோவை வைத்து எண்ணினால் எதிரணி 21 சர்வீஸ் போட்டிருக்கிறது, நீங்கள் 15. அவர்கள் போட்ட 21-ல் நீங்கள் எடுத்தது 11. நீங்கள் போட்ட 15-ல் நீங்கள் எடுத்தது 4. ஆக மொத்தம் 15 பாயிண்ட், சரியாக வருகிறது. அவர்களுக்கு சைட் அவுட் 15-க்கு 11, அதாவது 73 சதவீதம். உங்களுக்கு 21-க்கு 11, 52 சதவீதம்.

இதோடு நிறுத்தாதீர்கள். அந்த 21 சர்வீஸில் எத்தனை உங்களுக்கு வந்தது? 17. பார்ட்னருக்கு வெறும் 4. உங்களுக்கு வந்த 17-ல் அணி எடுத்தது 8, பார்ட்னருக்கு வந்த 4-ல் 3. ஆக, எதிரணி உங்களைத்தான் வீக் என்று முடிவு செய்திருக்கிறது, அது சரியாகவும் இருந்திருக்கிறது. கொஞ்சம் வலிக்கும். ஆனால் இதைவிட நேர்மையான மதிப்பீட்டை எந்தக் கோச்சும் தரமாட்டார். எதிரணிக்கு உங்கள் மனம் கோணக் கூடாது என்ற கவலை இல்லை.

உங்களுக்கு வந்த 17-ல் போன 9 பாயிண்டையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஏஸ் 2. பாஸ் மோசம், அதனால் சும்மா அனுப்பியது 2. பார்ட்னர் லிஃப்ட் பிழை 1. நீங்கள் நெட்டில் அல்லது வெளியே அடித்தது 3. எதிரணி எடுத்துத் திருப்பி அடித்தது 1. இப்போது பாருங்கள்: எதிரணியின் நல்ல டிஃபென்ஸால் போனது ஒன்றே ஒன்று. ஒன்று பார்ட்னருடையது. மிச்சம் ஏழும் உங்கள் பக்கத்திலேயே முடிந்தவை. இந்த ஆளுக்கு இன்னும் வேகமான ஸ்மாஷ் வேண்டாம், அடித்த பந்து கோர்ட்டுக்குள் விழ வேண்டும்.

ஒரு செட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு எதிரணியோடு நாலைந்து மேட்ச் எண்ணினால் ஓர் எண்ணில் வந்து நிற்கும். உங்களைக் குறிவைத்த சர்வீஸில் மூன்றில் ஒன்றுதான் எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் ஆரம்ப நிலை. பாதியை எடுத்தால் நடுத்தரம், எந்த உள்ளூர் அணியோடும் ஆடலாம். பத்தில் ஆறு என்றால் உங்கள் வட்டாரத்தில் உங்களோடு ஜோடி சேரப் போட்டி இருக்கும். எதிரணியின் சர்வீஸ் தரத்தையும் பக்கத்தில் எழுதி வைப்பது அவசியம். கீழிருந்து தட்டிப் போடும் சர்வீஸுக்கு எதிராக 80 சதவீதம் எடுத்தேன் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

படி 8: பார்ட்னரை மாற்றிப் பாருங்கள்

மேட்ச் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. பார்ட்னர் பிரமாதமான ஆளாக இருந்தால் உங்கள் எண் ஏறும், சுமாரானவராக இருந்தால் இறங்கும். இதற்கு மருந்து கிங் ஆஃப் த பீச் முறை. நான்கு பேர், மூன்று ஆட்டம், ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு பார்ட்னர். அணி எடுத்த பாயிண்ட் இருவர் பெயரிலும் தனித்தனியாக ஏறும்.

நான்கு பேரை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டம் அ-ஆ ஜோடி 21, இ-ஈ 17. இரண்டாவது அ-இ 18, ஆ-ஈ 21. மூன்றாவது அ-ஈ 21, ஆ-இ 19. வெற்றியை எண்ணினால் அ, ஆ, ஈ மூவருக்கும் இரண்டிரண்டு, சமம். பாயிண்ட் வித்தியாசத்தைக் கூட்டினால் ஆ-வுக்கு +5, அ-வுக்கு +3, ஈ-க்கு +1, இ-க்கு -9. நான்கு பேரில் ஓங்கி அடிக்கிறவர் இ என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோடு சேர்ந்தாலும் அவர் அணி தோற்றிருக்கிறது. எதிரணி அவருக்கே சர்வீஸ் போட்டிருக்கும். ஆ அலட்டிக்கொள்ளாத ஆள், ஆனால் அவரோடு சேர்ந்த எல்லோருக்கும் பாயிண்ட் வந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் எல்லாக் கோர்ட்டிலும் ஒருவர் இருப்பார். அவரை முதலில் கூப்பிடுகிறவர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள்.

நண்பர்கள் நால்வராகவே ஆடாமல் ஒருவராவது உங்களுக்குப் பழக்கமில்லாதவராக இருக்கட்டும். தினமும் ஆடும் ஆட்களுக்கு உங்கள் ஷாட் மனப்பாடம், உங்களுக்கு அவர்களுடையது மனப்பாடம்; அதில் தரம் தெரியாது.

எழுத்துகளின் அர்த்தம்

அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், ஆட்டக்காரர்களை எழுத்தால் பிரிக்கும் வழக்கம் உண்டு: பி, பிபி, ஏ, ஏஏ, ஏஏஏ, ஓப்பன் என்று ஏறும். எல்லா அமைப்பும் எல்லா எழுத்தையும் வைத்திருப்பதில்லை. கலிபோர்னியா பீச் வாலிபால் அசோசியேஷன் போன்ற அமைப்புகளில் போட்டியில் எந்த இடம் பிடித்தீர்கள் என்பதை வைத்தே மேல் தரம் கிடைக்கும். நானே ஏஏ என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. நம் பக்கம் பெரும்பாலும் வயதுப் பிரிவு, இல்லாவிட்டால் ஓப்பன். ஆகவே அந்த எழுத்துகளைப் போட்டிக்காக இல்லாவிட்டாலும், நம்மை நாமே வைத்துப் பார்க்கப் பயன்படுத்தலாம். என் கணிப்பில் அவை இப்படி:

பி என்பவருக்கு விதி தெரியும், சுலபமான சர்வீஸை எடுப்பார், ஆனால் மூன்று டச்சில் முடிக்கும் ஆட்டம் எப்போதாவதுதான் வரும். பிபி-யில் மூன்று டச் வழக்கமாகிவிடும், ஒரு நம்பகமான ஷாட் இருக்கும், சர்வீஸ் தவறாது. குறிவைத்தால் நொறுங்குவார்.

ஏ தரத்தில்தான் ஆட்டம் ஆட்டமாகிறது. குறிவைத்தாலும் பாதியை எடுப்பார். லைன், கட் இரண்டும் போடுவார், பார்ட்னர் சொல்வதைக் கேட்டு மாற்றவும் செய்வார். எதிரணியில் யாருக்கு சர்வீஸ் போடுவது என்று யோசித்துப் போடுவார். பல வருடம் ஆடிய நல்ல ஆட்கள் இங்கேயே நின்றுவிடுவதும் உண்டு, அதில் தவறேதும் இல்லை.

ஏஏ-யில் காற்றும் வெயிலும் சாக்காக இருக்காது. பிளாக்கும் பின்பக்கமும் ஒன்றாக அசையும். மோசமான பாஸிலிருந்தும் நல்ல லிஃப்ட் வரும். அதற்கு மேல் உள்ளவர்கள் வாரம் முழுக்கப் பயிற்சி செய்கிறவர்கள், பரிசுப் பணத்துக்கு ஆடுகிறவர்கள். அந்த இடத்தில் இருப்பவருக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது.

இரண்டு தரத்துக்கு நடுவே விழுந்தால், பாஸ் மதிப்பெண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சேருங்கள். அடி பெரிது, பாஸ் சிறிது என்றால் நீங்கள் கீழ்த் தரம்தான்.

எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது

ஜோடியின் தரம் இருவரின் சராசரி இல்லை. குறைவாக எடுப்பவரின் சைட் அவுட் எண்ணுக்குப் பக்கத்தில்தான் ஜோடி நிற்கும், ஏனென்றால் சர்வீஸ் அவருக்கே போகும். நீங்கள் ஏ, பார்ட்னர் பி என்றால் ஏ பிரிவில் நாள் முழுக்க நிழலில் நிற்பவர் மாதிரி நீங்கள் நிற்பீர்கள், பந்து உங்கள் பக்கம் வரவே வராது.

கோப்பைக்காக வேண்டுமென்றே ஒரு தரம் இறங்கி ஆடுகிறவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. ஓப்பன் ஆடக்கூடியவர் புதியவர்கள் பிரிவில் வந்து 21–6 என்று முடித்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொள்வார். அடுத்த முறை அந்தப் பிரிவுக்குப் புதியவர்கள் வரமாட்டார்கள், அவ்வளவுதான் மிச்சம். அதே நேரம், எதிரணியில் ஒருவர் நன்றாக அடித்தார் என்பதற்காக அவர்மேல் இந்தப் பழியைப் போடாதீர்கள். ஒரு மேட்ச்சில் ஒருவருக்கு எல்லாம் விழும் நாளும் உண்டு.

சந்தேகமாக இருந்தால் முதல் போட்டிக்குக் கீழ்ப் பிரிவில் பெயர் கொடுத்து, ஸ்கோரைப் பாருங்கள். லீக் சுற்றில் எல்லா செட்டையும் பத்துப் பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தால் அடுத்த முறை மேலே போய்விடுங்கள். 21–18, 19–21 என்று இழுபறியாக வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள், ஒன்றிரண்டு போட்டி அங்கேயே ஆடலாம். ஒற்றை இலக்கத்தில் தோற்றுக்கொண்டே இருந்தால் படி 1-க்குத் திரும்பி இருபது சர்வீஸை எடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது பார்ட்னர் மாறும்போதெல்லாம், கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். எந்த எண் ஏறியது, எது அசையவே இல்லை என்று அதில்தான் தெரியும்.